கப்பலேறிய கலியாணக் கோட்

செத்தாலும் புதுக் கோட் வாங்குவதில்லை என்று அடைக்கலநாதன் சத்தியம் செய்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போது. வாய் நிறைய நுரை. என்றாலும் அந்தச் சத்தியம் குருநகர் இறங்குதுறை வரைக்கும் கேட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் லண்டனிலிருந்து மகள் லவீனா அனுப்பிய வட்ஸ்அப். தாய் தகப்பனின் முப்பதாவது கலியாண நாளுக்கு அவள் கப்பல் பயணம் ஒழுங்கு செய்திருந்தாள். மகள் மருமகனோடு சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெற் எல்லாம் பார்த்து, ஆறாம் நாள் திரும்பவும் சிங்கப்பூரில் இறங்குவது. செலவு முழுக்க அவளுடையது. அதுவரைக்கும் அடைக்கலநாதனுக்குக் கடவுளில் ஒரு குறையுமில்லை. இப்போது புதிதாக ஒரு வரி வந்திருந்தது: 'அப்பா, ரெண்டாம் நாளும் அஞ்சாம் நாளும் பின்னேரச் சாப்பாட்டுக்குக் கோட் கட்டாயம். இல்லாட்டிப் பெரிய மண்டபத்துக்கை விடமாட்டாங்கள்.'

"சோறு தின்னக் கோட்டோ? குழம்பு ஊத்துப்பட்டா ஆர் தோய்க்கிறது, கப்டனோ?"

மனைவி அற்புதராணி குசினியில் பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். "கப்டனைக் கண்டாக் கேட்டுச் சொல்லுறன்" என்றாள்.

அடைக்கலநாதன் பன்னிரண்டு வயதில் இறங்குதுறையில் ஐஸ்பெட்டி சுமந்தவர். இன்றைக்கு வலையும் படகு இயந்திரச் சாமான்களும் விற்கிற கடைக்கு முதலாளி. சொன்ன விலைக்கு ஒரு ஊசிகூட வாங்கி அறியார். அவரைப் பேரத்தில் வென்றவன் பூலோகத்தில் ஒருத்தன்தான்: அற்புதராணியின் தமையன் வின்சன்ற். ஓடாத இயந்திரத்தை ஓடுகிற இயந்திரத்தின் விலைக்கு அவர் தலையிலேயே கட்டியவன். அன்றைக்கு முறிந்த கதைபேச்சு பன்னிரண்டு வருடம் முறிந்தே கிடந்தது. நாலு வருடத்துக்கு முதல் வின்சன்ற் நோயில் மெலிந்து செத்தபோதுதான் அடைக்கலநாதன் அந்த வாசலை மிதித்தார். மிதித்தவர் சும்மா நிற்கவில்லை. சவப்பெட்டிக்குள் கிடந்தவனின் கோட் நுனியை இரண்டு விரலால் உரசிப் பார்த்தார். "அருமந்த துணி. உதைப் போய் மண்ணுக்கை புதைக்கிறாங்கள், விசர்ச் சனம்" என்று மனைவியின் காதுக்குள் சொன்னார். அற்புதராணி குரலெடுத்து அழுதாள். தமையனை நினைத்து அழுகிறாள் என்றுதான் அவர் நினைத்தார்.

அதை விடுவோம். வாயைக் கொப்பளித்துவிட்டு அவர் குசினி வாசலுக்கு வந்தார்.

"என்ரை கலியாணக் கோட் கிடக்குத்தானே? எங்கடை ஆக்களுக்குக் கோட் எண்டது ரெண்டு தரம் போடுற சாமான். மாப்பிள்ளையா ஒருக்கா, பெட்டிக்கை ஒருக்கா. இடையிலை கப்பலிலையும் ஒருக்காப் போட்டா எனக்கு ஒண்டு லாபம்."

மா குழைத்த கை நின்றது. "அந்தக் கோட்டோ?"

"அந்தக் கோட்டேதான். இடம்பெயரேக்கை நான் காப்பாத்தின கோட்."

"ஓம். கலியாண அல்பத்தை விட்டிட்டுக் கோட்டைக் காப்பாத்தின ஆளெல்லே நீங்கள்."

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வீடு வாசலை விட்டு நடந்தபோது அவர்களிடம் இருந்தது ஒரேயொரு உரப்பை. அதில் ஒரு பொருளுக்குத்தான் மிச்ச இடம். அல்பத்தை எவனும் வாங்கமாட்டான், கோட்டை விற்கலாம் என்று அடைக்கலநாதன் கணக்குப் போட்டார். கோட்டும் விற்கவில்லை, அல்பமும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் இன்றுவரை மாப்பிள்ளை பொம்பிளைப் படம் ஒன்றில்லை.

"கோட் போட்டு வாறவையைச் சோடியா நிப்பாட்டிப் படம் எடுப்பாங்களாம்" என்றாள் அற்புதராணி. "லவீனா சொன்னவள். எனக்கு அந்தப் படம் ஒண்டு காணும். கப்பலும் வேண்டாம், கடலும் வேண்டாம். கடல்தானே பின்வளவுக்கை கிடக்குது."

"எடுப்பம். அந்தக் கோட்டோடை எடுப்பம்."

அவள் அவருடைய வயிற்றை மேலிருந்து கீழாக ஒருமுறை அளந்தாள். "உள்ளுக்கை போகாதப்பா. பொத்தானுக்கும் துளைக்கும் நடுவிலை ஒரு முழம் நிக்கும். புதுசு தைப்பம்."

"போகும்."

"போகாது."

"போகப்பண்ணிக் காட்டுறன், பார்."

அவள் தலையைக் குனிந்து மாவைக் குழைத்தாள். சிரித்தாளா என்று அவர் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

சீனி வருத்தத்துக்குப் பத்துக் கிலோ குறையுங்கோ என்று டொக்டர் நாலு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தவர். அடைக்கலநாதன் ரெண்டு கிலோவுக்குக் கேட்டு, படியாமல் எழும்பி வந்தவர். டொக்டருக்காகக் குறையாத வயிறு இப்போது கோட்டுக்காகக் குறையத் தொடங்கியது. அவித்த நீத்துப்பெட்டியிலிருந்து பிட்டு நிறைய விழுந்த சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு குரக்கன் ரொட்டியும் முருங்கையிலை வறையும் விழுந்தன. தேத்தண்ணீரிலிருந்து சீனி போனது. நீர்வேலிக் கதலி வாழைக்குலை கண்ணுக்கு முன்னால் பழுத்து, கறுத்து, ஆட்டுக்குப் போனது. அவர் ஆட்டைப் பார்த்தார். ஆடும் அவரைப் பார்த்தது. விடிய எழும்பிப் பண்ணைப் பாலம் வரைக்கும் நடை வேறு.

கப்பலில் ஆறு நாளும் வேண்டுமட்டும் சாப்பாடு. விட்டதையெல்லாம் வட்டியோடு அங்கே பிடிக்கலாம். அந்த ஒரு நினைப்பில்தான் மனிதர் உயிரோடிருந்தார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அலுமாரிக்கு முன்னால் போய் நிற்பார். திறப்புக்கொத்து அற்புதராணியின் இடுப்பில்.

"ஒருக்காப் போட்டுப் பாப்பம்."

"இப்ப போட்டாத் தையல் வெடிச்சிடும். பிறகு புதுசுதான் வாங்கவேணும்."

'புதுசு' என்ற சொல் போதும். கதவிடுக்கால் கோட் உறை கொழுத்துத் தொங்குவதைப் பார்த்து மனம் ஆறித் திரும்பிவிடுவார்.

இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ போனது. தராசு பழுதாக்கும் என்று நினைத்து டொக்டர் தானும் ஒருமுறை ஏறிப் பார்த்தார்.

சூட்கேஸ் அடுக்குகிற அன்று அற்புதராணி அலுமாரியைத் திறந்து கோட்டை நீட்டினாள். கடும் நீலம். கை போனது, தோள் இருந்தது, பொத்தான் பூட்டியது. அடைக்கலநாதன் அப்படியே மதிலடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டு றெஜினாவைக் கூப்பிட்டார்.

"அண்ணை, புதுசு மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள் றெஜினா.

"முப்பது வருசம், பிள்ளை. ஒரு பூச்சி தொடேல்லை. இப்ப தைக்கிறவங்களுக்கு இந்த வெட்டு வருமே?"

றெஜினா அற்புதராணியைப் பார்த்தாள். அற்புதராணி சூட்கேஸைப் பார்த்தாள்.

கப்பலில் இரண்டாம் நாள். பெரிய மண்டபத்து வாசலில் படம் எடுக்க வரிசை. முன்னால் லவீனாவும் மருமகன் கஜீபனும். பின்னால் கோட்டும் கழுத்தில் ரையும் மினுங்கும் சப்பாத்துமாக அடைக்கலநாதன், பக்கத்தில் மாம்பழ நிறச் சேலையில் அற்புதராணி. வரிசையில் நின்ற சீனருக்கும் அவர் கோட்டின் வயதைக் கைவிரலால் காட்டி முடித்திருந்தார்.

வாசல் மேசையில் ஒரு கிண்ணம் நிறைய வறுத்த கச்சான் கடலை. சும்மா கிடக்கிற சாமானை விடலாமா? ஒரு பிடி அள்ளி உள்பொக்கற்றுக்குள் போட்டார். விரலில் ஒரு கடதாசித் துண்டு தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்துத் தையல்கடைப் பற்றுச்சீட்டு.

"உதென்னப்பா, போன மாசத்துத் திகதி கிடக்கு?"

"போன மாசம்தானே தைச்சது" என்றாள் அற்புதராணி, சேலை மடிப்பை நீவிக்கொண்டே. "உங்கடை பத்து வருசத்துக்கு முந்தின சேட் ஒண்டை அளவுக்குக் குடுத்தனான்."

அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் வாயில் வந்தது பழக்கமான கேள்விதான். "எவ்வளவு குறைச்சனீ?"

"குறைக்கேல்லை. சொன்ன விலையைக் குடுத்தனான்."

கப்பல் ஆடவில்லை. அடைக்கலநாதன் ஆடினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என்ரை கோட் எங்கை?"

"அண்ணை போட்டிருக்கிறார்."

"எந்த அண்ணை?"

"எனக்கென்ன பத்து அண்ணையே? வின்சன்ற் அண்ணை."

"வின்சன்ற் செத்து நாலு வருசம்."

"ஓம். அதுக்குத்தான் போட்டவர்."

அடைக்கலநாதனின் இரண்டு விரலும் தாமாக ஒன்றையொன்று உரசின. அந்தத் துணி. அருமந்த துணி. ஓடாத இயந்திரத்தை விற்றவன், போகும்போது கோட்டையும் சும்மா கொண்டு போயிருக்கிறான். அதையும் தானே கிட்ட நின்று மெச்சி அனுப்பியிருக்கிறார்.

"ஆரைக் கேட்டடி குடுத்தனீ?"

"உங்களைத்தான். மச்சாளிட்டை உடுப்பொண்டும் இல்லை, அண்ணைக்குப் போட ஏதும் குடுக்கட்டோ எண்டு கேட்டன். 'அலுமாரியோடை குடுத்துத் துலை' எண்டு கத்தினீங்கள்." அவள் அவருடைய ரையை நேராக்கினாள். "நான் அலுமாரியைக் குடுக்கேல்லை."

"அப்ப அந்த உறைக்குள்ளை இவ்வளவு நாளும்?"

"மேசைவிரிப்பு. ரெண்டு."

இரண்டு மாதம். ஒன்பது கிலோ. ஒரு ஆடு தின்ற கதலிக்குலை. எல்லாம் இரண்டு மேசைவிரிப்புக்காக.

"அப்பா, இஞ்சை பாருங்கோ" என்று லவீனா கூப்பிட்டாள். அவர் பார்த்தார். வாய் மூடவில்லை. வெளிச்சம் அடித்தது. அற்புதராணி முப்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு முழுவதையும் அந்த ஒரு படத்துக்குள் கொட்டியிருந்தாள். பக்கத்தில் ஒருவர், வலையிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாரைமீன் போல.

மண்டபத்துக்குள் போய் இருந்தார்கள். இறால், நண்டு, ஆட்டுக்கால், அவர் பெயர் அறியாத ஏழு வகைக் கேக். நட்டத்தையெல்லாம் இங்கேதான் ஈடுகட்டலாம் என்று அடைக்கலநாதன் கோப்பையில் மலை கட்டினார். முதல் வாய் வைக்கும்போதே பொத்தான் இழுத்தது.

"பாத்து" என்றாள் அற்புதராணி. "பிறகு பெருப்பிக்க ஓரத்திலை துணி விடவேண்டாமெண்டு தையல்காரரிட்டைச் சொல்லிப்போட்டன். அஞ்சாம் நாளும் உதுதான் போடவேணும்."

கரண்டி இறங்கியது. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பசிதான் வந்தது. பேரத்தில் தோற்றவனின் குரலில் கேட்டார்: "இஞ்சேர். நான் போகேக்கை உந்தக் கோட்டையாவது எனக்குப் போட்டு விடுவியே?"

அற்புதராணி அவருடைய கோப்பையிலிருந்த ஆட்டுக்காலைத் தூக்கித் தன்னுடையதில் வைத்தாள்.

"அளவாயிருந்தாப் போடுவன்."