குணசீலன் பேரில் நாங்கள் கடைப்பிடித்த அரசாங்க அறிவுரை

மதிப்பிற்குரிய தூதரக அதிகாரி சௌமியா அம்மணி அவர்களுக்கு, திருச்செங்கோடு அப்புசாமி கைகூப்பி எழுதுவது. இங்கு அனைவரும் சௌக்கியம். மகன் குணசீலன் நல்லபடியாக வந்து சேர்ந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

ஆப்பிரிக்காவில் அவன் போர்வெல் போடப் போன தேசத்தில் சண்டை மூண்டதும், முதலில் வந்தது உங்கள் அறிவிப்புதான். கூட்டத்துக்குள் போகாதே, ஜன்னல் பக்கம் நிற்காதே, அறிமுகமில்லாதவரிடம் பேச்சுக் கொடுக்காதே, மூன்று நாளைக்குச் சமைக்காமல் தின்னும் உணவு வைத்துக்கொள், முக்கியக் காகிதங்களை ஒரே பையில் தயாராக வை, முதல் விமானத்தில் கிளம்பு. பெற்றவன்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான். உடனே மகனுக்கு அனுப்பினேன். அவனோ, "அறுநூறு அடி ஓட்டியாச்சுங்கப்பா, இன்னும் தண்ணி வரலை. ஊர்ச் சனம் பூரா குடத்தோட சுத்தி நிக்குது, பாதியில உட்டுட்டு எப்படீங்க வாரது?" என்கிறான். கூட்டத்துக்குள் போகாதே என்றால், கூட்டத்தைக் கூட்டிவைத்து நடுவில் நிற்கிறான்!

என் சம்சாரம் வசந்தாமணி அழுது முடித்து ஒரு முடிவுக்கு வந்தாள். "அவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப அவன் பேர்ல நாந்தானுங்க விரதம் இருந்தேன்? இந்த அறிவிப்பையும் அவனுக்குப் பதிலா நாமளே கடைப்பிடிச்சுப்போடலாம்." சரியென்று ஜன்னலெல்லாம் சாத்தினோம். சித்திரை வெயில் அம்மணி, மின்விசிறி அனலைத்தான் சுற்றியது. மூன்று நாளும் பொரியும் வெல்லமும்தான். பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் ஒரே பையில் தலைமாட்டில். பால்காரர் போன மாசம்தான் புதுசா வந்தவர், அதனால் பேச்சுக் கொடுக்கவில்லை. இதுக்கு நடுவுல என் தங்கச்சி மக தனப்பிரியாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் நானே போகலை, கூட்டமாச்சே! கூப்பிட வந்தவங்க எட்டுப் பேர், அதுவும் கூட்டம்தானேன்னு கதவையே திறக்கலை. தங்கச்சி இன்னும் எங்கூடப் பேசறதில்லைங்க.

உங்களுக்குப் பதினாலு தடவை போன் போட்டேன். பதினாலு தடவையும் சலிக்காமல் "சொல்லுங்கப்பா"ன்னீங்க. கடைசியில் நீங்களே அவனைக் கூப்பிட்டு, "நீங்க விமானம் ஏறினாத்தான் உங்கம்மா ஜன்னலைத் திறப்பாங்களாம், பாவம், வெந்துபோயிருவாங்க"ன்னு சொன்னீங்களாமே. குண்டுச் சத்தத்துக்கு அசையாதவன் அதுக்குக் கிளம்பிட்டானுங்க. அந்த ஒரு வார்த்தைக்கு எங்க குடும்பமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்குது சாமி.

நீங்களும் உங்களைப் பெற்றவங்களும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்கணும். வசந்தாமணியும் உங்களை விசாரிக்கிறாள்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள
அப்புசாமி

பி.கு.: உறையை ஒட்டும்போது குணசீலன் எழுந்து வந்தான். அந்த ஊர்க்காரங்க போன் பண்ணினாங்களாம். சண்டை ஓயலை, ஆனால் குழிக்குள் மண் விழாமல் ஆள் மாற்றி ஆள் காவல் இருக்கிறார்களாம். "அவங்க ஏறிப் போக எந்த விமானமுங்கப்பா வரும்?" என்று கேட்டான். வியாழக்கிழமை திரும்பப் போறான், நான் தடுக்கலை. புது அறிவிப்பு ஏதாச்சும் இருந்தால் வெள்ளிக்கிழமை அனுப்புங்க அம்மணி. முன்னாடியே படிச்சா அவனை அனுப்ப எனக்கு மனசு வராது.