ஊருக்கெல்லாம் ஒரே வயர்

லப்பைக்குடிக்காடு,
வியாழக்கிழமை, காலை.

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் நிஜாமுதீன் அவர்களுக்கு, உங்கள் ஷரீபா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மகள் ஃபைஸாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். மஸ்கட்டில் உங்கள் உடம்பும் வேலையும் இடுப்பு வலியும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். இடுப்பு வலி நலமாக இருக்க வேண்டாம், மற்றவை நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் யார் கடுதாசி எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். போன் இருக்கிறது, அதில் உயிர்தான் இல்லை. அடுத்த தெரு முகமது அனஸ் நாளைக்குத் திருச்சியில் பிளேன் ஏறி உங்கள் ஊருக்கு வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றதைப் படியுங்கள். திங்கட்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது போனை வெட்டியது நான் இல்லை. எனக்கு உங்கள் மேல் கோபமும் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அது வேறு கோபம். மகள் நிக்காஹுக்கு லீவு கிடைத்ததா இல்லையா என்று அன்றைக்குச் சொல்கிறேன் என்றீர்கள். அந்தப் பதில் என் காதில் விழவே இல்லை மச்சான். அதற்குள் போன் செத்துவிட்டது. அதைச் சாகடித்தது நீங்கள்தான்.

போன தடவை லீவில் வந்தபோது எனக்கும் ஃபைஸாவுக்கும் புதுப் போன் கொண்டுவந்தீர்கள், சந்தோஷம். அதோடு விட்டீர்களா? மேசை டிராயரில் கிடந்த பழைய சார்ஜர்களை எல்லாம், உருண்டைப் பின், தட்டைப் பின், யாருடையது என்றே தெரியாத பின், அத்தனையையும் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, நடுக்கூடத்தில் நின்று பள்ளிவாசலில் பண்ணுகிற மாதிரி பயான் பண்ணினீர்கள். "ஷரீபா, இனிமே எல்லாத்துக்கும் ஒரே வயருதான், டைப்-சி. ஐரோப்பாவுலயே சட்டம் போட்டுட்டான். யாரு வூட்டுக்குப் போனாலும் சார்ஜ் போட்டுக்கலாம்." சரி, யார் வீட்டுக்குப் போனாலும் நாம் போட்டுக்கொள்ளலாம். யார் வந்தாலும் நம் வீட்டில் போட்டுக்கொள்வார்களே, அதை யோசித்தீர்களா? என் பழைய போனின் பின் இந்தத் தெருவில் வேறு எவர் போனுக்கும் சேராது. நான் மகாராணியாக இருந்தேன். என் வயரைத் தொட ஆள் கிடையாது. சட்டம் போட்ட ஐரோப்பாக்காரனுக்கு என்ன, அவன் வீட்டுக்குப் பக்கத்தில் பரிமளா குடியிருக்கவில்லை.

பரிமளாவைக் குறை சொல்லக் கூடாது, தங்கமான பொம்பளை. நீங்கள் பிளேன் ஏறின மறுநாளே வந்து, "அக்கா, உங்க வயரு எங்களுதுக்கும் சேருதாமே, செத்த குடுங்க" என்று வாங்கிப் போனாள். ஃபைஸாவின் வயரைக் காலேஜில் யாரோ சிநேகிதி இரவல் வாங்கி, அது அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆக வீட்டுக்கு இருந்தது இந்த ஒரு வயர்தான். சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தாள் பரிமளா, எப்படி? ஒரு கிண்ணம் நிறைய சுடச்சுட அதிரசம், அதற்கு மேலே சுருட்டி வைத்த என் வயர். "என்னடி இது?" என்றேன். "வெறும் வயரை எப்படிக்கா குடுக்கிறது? இரவல் வாங்கின சாமானை வெறுசா திருப்பிக் குடுத்தா வூட்டுக்கு ஆகாதுல்ல" என்கிறாள். வயரின் மூக்கு முழுக்க வெல்லப் பாகு. ராத்திரி போனில் சொருகி வைத்தால், காலையில் எறும்பு வரிசை கட்டி ஏறியிருக்கிறது, சார்ஜ் ஏறவில்லை. ஸ்பிரிட் வைத்துத் துடையுங்கம்மா என்றாள் ஃபைஸா. ஸ்பிரிட்டுக்கு நான் எங்கே போவேன், நீங்கள் கொண்டுவந்த அத்தரைத் தொட்டுத் துடைத்தேன். இப்போது வயர் கல்யாண வீடு மாதிரி கமகமவென்று இருக்கிறது, ஆனால் ஒன்று ஏறினால் ரெண்டு இறங்குகிறது. அதோடு முடிந்ததா? பரிமளாவின் கிண்ணத்தை நான் வெறுசாகத் திருப்பிக் கொடுக்க முடியுமா? கிண்ணத்தோடு ஒரு தூக்கில் சேமியா பாயசமும் ஊற்றி அனுப்பினேன். என் தூக்கை அவள் வெறுசாகக் கொடுப்பாளா? முறுக்கோடு வந்தாள். வந்த கையோடு, "அக்கா, அந்த வயரு..." என்றாள்.

சரி, இன்னொரு வயர் வாங்கிவிடுவோம் என்று வெயிலில் பஸ் ஏறிப் பெரம்பலூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில், டைப்-சி ஒன்று கொடுங்கள் என்று பெரிய படிப்புப் படித்தவள் மாதிரி கேட்டேன். கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் ரெண்டு பக்கமும் சின்ன மூக்கு. சுவரில் சொருகுகிற பெட்டியில் இருப்பதோ அகல வாய். மறுநாள் திரும்ப பஸ் ஏறினேன். "இதுக்குப் பெட்டியும் புதுசா மாத்தணும்மா, ஸ்டாக் தீந்துபோச்சு, அடுத்த வாரம் வாங்க" என்கிறான் கடைக்காரத் தம்பி. ஒரே வயர் ஒரே வயர் என்று குதித்தீர்களே, அந்த ஒரே வயரிலேயே இத்தனை ரகம் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? திரும்பி வருகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என் பையை எட்டிப் பார்த்து, "டைப்-சியா, செத்த குடும்மா, பவர்பேங்க் இருக்கு" என்று அந்தப் புது வயரையும் வாங்கி, திட்டக்குடி வரைக்கும் போகிறவள் அதோடேயே போய்விட்டாள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நான் நம் ஊரில் இறங்கிவிட்டேன். ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று ஆகிவிட்டது என் வயரின் கதை.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். அரியலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தேதி பேச வந்தார்கள். காலையிலிருந்து நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று போனைச் சார்ஜில் போட்டுக் கண்ணை எடுக்காமல் காவல் காத்தேன். நெய்ச்சோற்றை இறக்கப் போன நேரத்தில் சம்பந்தியம்மா, "அட, நம்ம வயரு!" என்று என் போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவர் போனைச் சொருகிவிட்டார். அது முடிந்ததும் சம்பந்தியின் காது மிஷின் டப்பா. அதற்கும் அதே மூக்காம்! பிடுங்கலாம் என்று கை நீட்டினேன். மிஷினில் சார்ஜ் இல்லாமல் அந்த மனுஷனுக்கு ஒன்றும் கேட்காது. தேதி கேட்காமல் கல்யாணம் எப்படிப் பேசுவது? அந்த நேரம் பார்த்து உங்கள் போன் வருகிறது. போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி எடுத்தேன். "ஷரீ" என்றீர்கள். அவ்வளவுதான், திரை கறுத்துவிட்டது. என் பேரைக்கூட முழுசாகச் சொல்ல விடவில்லை மச்சான் அந்த வயர்.

ஃபைஸா போனைப் பிடுங்கிக் கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப். அன்றைக்கும் ஆஃப், நேற்றும் ஆஃப், இன்றைக்கும் ஆஃப். அனுப்பின மெசேஜ் எல்லாம் ஒரு டிக்கோடு நிற்கிறது. பொண்டாட்டி மூஞ்சியில் அடித்த மாதிரி வெட்டிவிட்டாள் என்று கோபித்துக்கொண்டீர்களா? இல்லை, லீவு கிடைக்கவில்லை, அதை எப்படிச் சொல்வது என்று அணைத்து வைத்துவிட்டீர்களா? ரெண்டில் எது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று உங்க அண்ணன் வந்தாங்க. "தம்பி வர முடியாட்டி என்ன இப்ப? தனக்குப் பதிலா யாரையாவது வக்கீலா வச்சுக்கச் சொல்லி போன்லயே சொல்லிட்டாப் போதும். பொண்ணுக்கு வலீயா, அத்தா இடத்துல நான் உக்காந்துக்கிறேன்"னாங்க. மார்க்கத்துல இடம் இருக்குங்கிறது எனக்கும் தெரியும். ஆனா எனக்கு வாய் அடங்கலை. "போன்ல சோறு போட்டாரு, போன்ல பெருநாள் கொண்டாடினாரு, புள்ளைக்குக் காய்ச்சல்னா போன்ல நெத்தியைத் தொட்டாரு. நிக்காஹும் போன்லயேவா?"ன்னு கேட்டுட்டேன். அண்ணன் டீயைக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க. தப்புதான், உங்க பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அப்புறம் ஃபைஸா என் பக்கத்துல வந்து உக்காந்து, "அம்மா, அத்தா வர முடியலைன்னா தேதியைத் தள்ளிப் போடச் சொல்லுங்கம்மா. அவங்க பக்கத்துல உக்காராம நான் சம்மதம்னு சொல்ல மாட்டேன்"னா. உங்க புள்ளைதான், பிடிச்ச பிடியை விட மாட்டா.

நான் உங்களுக்கு எழுத வந்தது இவ்வளவுதான். வந்துடுங்க. வயரும் வேணாம், வாட்சும் வேணாம், அட்டைப் பெட்டி நிறைய சாமானும் வேணாம். வெறுங்கையை வீசிக்கிட்டு வாங்க. கல்யாணம் ஆனதிலேர்ந்து உங்களைக் காதாலதான் அதிகம் பாத்திருக்கேன், கண்ணால பாக்கணும்னு இருக்கு. லீவு இல்லைன்னாலும் பரவாயில்லை, அதையாவது ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கோபமா இருந்தா அதையும் சொல்லுங்க, சண்டை போட்டுக்கலாம். பேசாம மட்டும் இருக்காதீங்க.

இப்ப இந்த வயரைச் சொருகிட்டு, போனுக்குப் பக்கத்துலயே காவல் உக்காந்துதான் இதை எழுதறேன். உங்க குரல் வர்ற வரைக்கும் இந்த வயரை எவருக்கும் குடுக்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். பரிமளா வந்தாலும் கிடையாது, சம்பந்தி வந்தாலும் கிடையாது, மௌத்தாகி மண்ணுக்குள்ள போன எங்க அத்தாவே எந்திரிச்சு வந்து கேட்டாலும் கிடையாது.

வேளாவேளைக்குச் சாப்பிடவும். ரூமில் உள்ள எல்லோருக்கும் என் ஸலாம் சொல்லவும். அல்லாஹ் உங்கள் ஆயுளை நீட்டி, உழைப்பில் ரிஜ்கைப் பெருக்கித் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் வழி பார்த்திருக்கும்
ஷரீபா.

பி.கு.: மடித்து உறைக்குள் போடும்போது கதவு தட்டுகிற சத்தம். அனஸ்தான் கடுதாசி வாங்க வந்திருக்கிறான் என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திறந்தால், நீங்க நிக்கிறீங்க. தாடி நரைச்சு, தோள்ல ஒரே ஒரு பையோட. பையை வாங்கி உள்ளே வச்சேன். ஏதாச்சும் ஆசையா சொல்வீங்கன்னு பாத்தா, "ஷரீபா, போன் செத்துப்போச்சு, வயரு இருக்கா?"ங்கிறீங்க. திங்கட்கிழமையே லீவு கிடைச்சுதாம். ரூம்ல எவனோ உங்க வயரைப் பிடுங்கிட்டுப் போயிட்டானாம். அவசரத்துல வாங்கின வயருக்கு ரெண்டு பக்கமும் சின்ன மூக்காம்! ஊருக்கே பயான் பண்ணினவருக்கு நல்லா வேணும். வேற ஆளு போன்ல கூப்பிடலாம்னா என் நம்பரு மனப்பாடம் இல்லையாம். கட்டின பொண்டாட்டி நம்பரு! அதுக்குத் தனியா ஒரு நாள் சண்டை இருக்கு.

என் போனைப் பிடுங்கிப் போட்டுட்டு உங்க போனைச் சொருகினேன். நீங்க சாப்பிட்டுட்டு அசந்து தூங்கறீங்க. ஃபைஸா ஒரு பாட்டம் அழுது முடிச்சுட்டு உங்க கால்மாட்டுல உக்காந்திருக்கா. அனஸ் வந்து, "கடுதாசி எங்கக்கா?"ன்னான், "ஆளே வந்தாச்சு தம்பி, நீ போயிட்டு வா"ன்னு அனுப்பிட்டேன். எழுதினதைக் கிழிக்க மனசு வரலை, நீங்க எந்திரிச்சதும் டீயோட குடுக்கிறேன், படிங்க. உங்க போன்ல சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கு. என்னுது செத்துத்தான் கிடக்கு. கிடக்கட்டும் மச்சான், என்னைக் கூப்பிடற ஒரே ஆளு வூட்டுக்குள்ளதானே தூங்குது.