கலைமதி டீச்சர் கூட்டிய கூட்டம்

"இந்த சனிக்கிழமை ஹால் நிறையணும் டீச்சர். நிறையலைன்னா அடுத்த கோடைக்கு இங்க ஜும்பா டான்ஸ் கிளாஸ்தான். அவங்க வந்து அளந்து பார்த்துட்டே போயிட்டாங்க."

சொல்லிவிட்டு அழகிரி நிதானமாக இளநீரை உறிஞ்சினார். அம்மா மண்டபம் ரோட்டில் இருக்கும் அந்த ஹாலுக்குச் சொந்தக்காரர் அவர். கோடைதோறும் அதைக் கலைமதியின் இசைப் பள்ளிக்கு இனாமாகக் கொடுத்ததில் அவர் கண்ட பலன், அழைப்பிதழில் தன் படம் வருவது ஒன்றுதான். அந்த அழைப்பிதழையும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

மே மாதம் காலையில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு, சனிக்கிழமை மாலையில் சென்னை வித்வான்களின் கச்சேரி. இந்த ஒரு மாதத்தை நினைத்துக்கொண்டுதான் கலைமதி மற்ற மாதங்களில் ஒரு ஸ்கூலில் பிரேயர் பாட்டு சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினாள். இதுவும் போனால் அவளுக்கு மிச்சம் பிரேயர்தான்.

வருகிற வித்வான்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சென்னையில் அவர்கள் கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்காது. இவள் ஒரு போன் போட்டால் போதும், "ரங்கனைச் சேவிச்ச மாதிரியும் ஆச்சு" என்று ரயிலேறிவிடுவார்கள். வராதது ஜனம்தான். முன்வரிசையில் அழகிரி, கடைசி வரிசையில் ஏசிக்கு அடியில் தூங்க வரும் ரிட்டையர்டு தாசில்தார், நடுவே நாற்காலிகள்.

"பேரண்ட்ஸ் குரூப்ல போட்டுப் பாருங்களேன்" என்றார் மைக் செட் பிச்சமுத்து.

'சனிக்கிழமை பானுமதி அம்மாள் கச்சேரி. அனைவரும் வருக' என்று போட்டாள். வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. கும்பிட்டவர்களில் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். யோசித்து இன்னொன்று போட்டாள்: 'நம் பிள்ளைகளும் மேடையில் பாடுவார்கள்.'

உடனே போன் அடித்தது. தில்லை நகர் டாக்டர் சுபலட்சுமி.

"மேடம், என் பொண்ணு தனியாத்தானே பாடுறா?"

"கோரஸ்ங்க. எல்லாப் பிள்ளைங்களும் சேர்ந்து..."

"அப்ப நாங்க அன்னிக்கு சமயபுரம் போறோம்."

அடுத்த நாலைந்து குடும்பங்களுக்கும் அதே சனிக்கிழமை சமயபுரத்தில் வேண்டுதல் இருந்தது. வேறு வழியில்லாமல் எல்லாருக்கும் தனிப்பாட்டு என்று அறிவித்தாள்.

பிச்சமுத்து தலையைச் சொறிந்தார். "டீச்சர், அவங்கவங்க பிள்ளை பாடி முடிச்சதும் அவங்கவங்க கிளம்பிடுவாங்க. அப்புறம் அந்தம்மா பாடுறப்ப நானும் மைக்கும்தான் இருப்போம்."

நியாயம்தான். பிள்ளைகள் பாட்டைக் கச்சேரிக்குப் பிறகு வைத்தாள். உடனே குரூப் கொதித்தது. அவ்வளவு நேரம் பிள்ளை பசி தாங்குமா என்று பெற்றவர்கள் பொங்கினார்கள். கலைமதி, பாலக்கரையில் கேட்டரிங் நடத்தும் ரெஜிஸிடம் போய் நின்றாள்.

"டிபன் நானே செஞ்சு தரேங்க, விளம்பரமா இருந்துட்டுப் போகட்டும். பேனர்ல மட்டும் நம்ம பேரு கொஞ்சம் பெரிசா வரணும்" என்றார் ரெஜிஸ்.

கொஞ்சம் பெரிசாகத்தான் வந்தது. பேனர் முழுக்க வாழைப்பூ வடையும் நெய் வழியும் கேசரியும். கீழ் மூலையில், சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் பானுமதி அம்மாள் தம்புராவோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை ஹாலுக்குள் கலைமதியே தள்ளுமுள்ளுப் பட்டுத்தான் நுழைந்தாள். பெற்றோர், அவர்களின் சொந்தபந்தம், ஆற்றங்கரையில் வாக்கிங் போனவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். நாற்காலிக்கு நாற்காலி கைக்குட்டை போட்டு இடம் பிடித்திருந்தார்கள். வழக்கமான இடம் பறிபோன தாசில்தார், தூணில் சாய்ந்து நின்றபடி தூங்கப் பழகிக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் வந்து இறங்கிய பானுமதி அம்மாள் திகைத்தார். "இங்க ஏதோ ரிசப்ஷன் போல இருக்கே. நம்ம ஹால் எங்க?"

"இதுதாம்மா! எல்லாரும் உங்களைக் கேக்கத்தான் வந்திருக்காங்க!"

"எல்லாருமா?" அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. கூட வந்த மிருதங்கக்காரர் சுரேஷ்குமாரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சுரேஷ்குமார் வருஷா வருஷம் எல்லா வித்வான்களோடும் வந்து போகிறவர். அவர் முகத்தில் இப்படி ஒரு கலவரத்தைக் கலைமதி பார்த்ததே இல்லை.

இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. வெந்நீர் கேட்டார்கள். மறுபடி வெந்நீர் கேட்டார்கள். ஒருவழியாக மேடையேறிய பானுமதி அம்மாள், ஊரறிந்த கீர்த்தனைகளாகப் பாடி நகர்ந்தார். மற்ற வித்வான்கள் இந்த மேடையில் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி, கண்ணை மூடி, மறுபடி முதலிலிருந்து பாடி உருகுவார்கள். ரங்கன் பக்கத்தில் இருப்பதால் வரும் உருக்கம் அது என்று கலைமதி நம்பியிருந்தாள். இன்று அது மருந்துக்கும் இல்லை.

மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்த நேரத்தில் வடை வாசனையும் வந்தது. ஹால் மொத்தமும் எழுந்து வெளியே போய்விட்டது. கலைமதி கூசிப்போய் மேடையைப் பார்த்தாள். சுரேஷ்குமார் அப்போதுதான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சிரித்த முகமாக வாசித்தார். பானுமதி அம்மாளும் தெம்பாகத் தாளம் போட்டார். பெரிய மனசு என்று கலைமதி கண்கலங்கினாள்.

ஜனம் கையில் வடையோடு திரும்பி வந்து, பிள்ளைகள் பாட்டு முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தது. அழகிரிக்குத் தலைகால் புரியவில்லை. நிறைந்த ஹாலைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்.

"ஜும்பாவை இப்பவே வேண்டாம்னு சொல்லிட்டேன் டீச்சர். இனிமே மே மாசம் வந்தா இந்த ஹால் உங்களுது. ஒவ்வொரு கச்சேரிக்கும் இதே கூட்டம், இதே வடை!"

கலைமதி அந்தச் சந்தோஷத்தோடுதான் போனை எடுத்தாள். அடுத்த சனிக்கிழமை வயலின் வித்வான்.

"மேடம், ஃபேஸ்புக்ல போட்டோ பார்த்தேன். இந்த வருஷம் என்னால வர முடியாதுங்க. தொண்டை சரியில்ல."

"வயலினுக்குத் தொண்டை எதுக்குங்க?" என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். அடுத்து புல்லாங்குழல்.

"ரயில்ல டிக்கெட் கிடைக்கலைங்க."

"கார்லதானே வரேன்னீங்க?"

"ஆமாங்க. கார்லயும் கிடைக்கலை."

மிச்சமிருந்த வீணை போனையே எடுக்கவில்லை. ஹால் கிடைத்துவிட்டது, கச்சேரி பண்ண ஆள் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வர, மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்த சுரேஷ்குமாரிடம் ஓடினாள்.

"என்னங்க தப்பு பண்ணேன்? போட்டோவைப் பார்த்துட்டு எல்லாரும் வரலைங்கறாங்களே!"

சுரேஷ்குமார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"டிசம்பர் சீசன் கச்சேரிக்குப் புதுசா பண்றதையெல்லாம் தப்பும் தவறுமாப் பாடி, வாசிச்சுப் பார்க்க, ஆளே வராத ஹால் இது ஒண்ணுதான்னு நம்பி வந்துட்டிருந்தாங்க டீச்சர், இப்படிக் கூட்டத்தைச் சேர்த்து மோசம் பண்ணிட்டீங்களே!"