ஓல்டுராய்டு முன்பணம் கேட்ட படலம்

வாழ்க கிளிஃபர்ட் ஓல்டுராய்டு! இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் மாநகர் மேட்டுத்தெருக் கோமான், கொதியெண்ணெய்க் கொப்பரைக்கு அஞ்சா நெஞ்சன், மீனுக்கு மாவுக்கவசம் பூட்டிப் பொன்னிறமாக்கும் புயவலியன், அறுபதாண்டுகளில் எவரிடமும் ‘முடியவில்லை’ என்று சொல்லியறியா யார்க்‌ஷயர் மானத்தின் மணிமுடி, அன்னவன் ஆற்றிய அரும்போரைப் பாடப் புகுந்தேன். நாமகளே, நாவில் வந்தமர்க. தொலைபேசி இணைப்பு அறாதிருக்கவும் அருள்க.

போர் மூண்டது ஒரு பச்சிளஞ்சிசுவின் பொருட்டு. அவனது மீன்வறுவல் கடையின் ஒரே பணிப்பெண் கெர்ரி மகனை ஈன்று வீட்டிலிருக்க, அவளுடைய மகப்பேற்றுச் சம்பளத்தை முதலாளி வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். சிறுகடைக்காரன் கொடுத்ததை அரசின் வரி அலுவலகமே முழுதும் திருப்பித் தந்து மேலும் சிறிது சேர்த்தளிப்பதும், கையில் இல்லாதவனுக்கு முன்கூட்டியே வழங்குவதும் அச்சட்டத்தின் கருணை. மீன் விலை ஏறிய அவ்வாண்டில் ஓல்டுராய்டின் கல்லாவோ துடைத்துக் கவிழ்த்த வாணலி. கெர்ரி வீட்டு வாடகை கட்ட வேண்டியதும் அதே வெள்ளிக்கிழமைதான்.

ஆகவே செவ்வாய்க் காலையில், வலக்கையில் கைபேசி ஏந்தி, வரி அலுவலகத்தின் காத்திருப்பு இசை என்னும் அகழியில் இறங்கினான் வீரன். ஒரே குழலோசை ஓயாது சுழன்று தாக்க, ‘தங்கள் அழைப்பு எமக்கு முக்கியம்’ என்னும் அசரீரி இடையிடையே கணை தொடுக்க, தேநீர் ஆற, காது சிவக்க, கால் மரத்துப்போக, கலங்காது நின்றவன் முன் கோட்டைக்கதவு திறந்தது. கெர்ரியின் சம்பளத்துக்கு முன்பணம் வேண்டுமென வந்த காரியத்தை உரைத்தான்.

“சரிங்க சார். அந்தச் சம்பளத்தை இப்போ உங்க கைக்காசுல கொடுக்க முடியுமா?” என்றது ஒரு பெண்குரல்.

அந்தோ! அகழி கடந்தவன் வாசற்படியில் இடறினான். பரம்பரை மானம் முந்திக்கொள்ள, வாய் தானே திறந்து முழங்கியது: “அதெல்லாம் எப்படியோ சமாளிச்சுக்கலாம் தாயி.”

“சமாளிக்க முடியும்னா முன்பணம் தர வழியில்லைங்களே.”

பக்கத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த மனைவி மௌரீன் கத்தியைக் கீழே வைத்தாள். “உன் வீம்பைக் கொடுத்தா கெர்ரியோட வீட்டு ஓனர் வாடகைன்னு வாங்கிக்குவானாய்யா?”

அப்போதுதான் மூண்டது மெய்ப்போர். ஒருபுறம் ஓல்டுராய்டு குலத்தார் ஏழு தலைமுறையும் இறுகிய வாயுடன் அணிவகுத்து நின்றனர். மறுபுறம் சிசு ஒன்றுதான், அதுவும் தொட்டிலில் கிடந்தபடியே எதிர்த்தது. வியர்வை அரும்ப, மீசை நடுங்க, முன்னோர் முகம் திருப்ப, தன் வாழ்நாளெல்லாம் உறையைவிட்டு எடுத்தறியாச் சொல்லை உருவினான் ஓல்டுராய்டு.

“இல்ல தாயி. என்கிட்ட காசு இல்ல.”

“சரிங்க, உங்க பேங்க் அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க,” என்றாள் அவள்.