கண்மாயைக் காட்டக் கூட்டிப்போன பாதுகாப்புக் குழுத் தலைவர்

அன்புத் தங்கை மாரிச்செல்விக்கு,

அண்ணன் வேல்சாமி ஊரிலிருந்து எழுதுவது. இங்கே நானும் உன் மதினி சீனித்தாயும் ஆடுமாடுகளும் நலம். திருப்பூரில் நீயும் மாப்பிள்ளை இசக்கிமுருகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் குலசாமி துணை நிற்கும். உன் மகள் சுடலைச்செல்வியும் நலம்தான். அந்த நலத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் முதலில் அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அப்புறம் படி. போனில் சொல்லலாம்தான், ஆனால் சொல்ல ஆரம்பித்தால் நீ அழுவாய், உன் அழுகையைக் கேட்டு நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுபோகும்.

நம் ஊர்ப் பேரிடர்ப் பாதுகாப்புக் குழுவுக்கு என்னைத் தலைவராகப் போட்டது உனக்குத் தெரியும். எப்படிப் போட்டார்கள் என்பது தெரியாது. கோவில்பட்டியில் ஒருநாள் பயிற்சி. புயல், வெள்ளம் வந்தால் பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவது, வந்துபோன பிறகு அவர்கள் மனசை எப்படித் தேற்றுவது என்று காலையிலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள். நம் ஊரிலிருந்து ஐந்து பேர் போனோம். சாப்பாடு முடிந்ததும் கடலைமிட்டாய் வாங்கப் போன நாலு பேர் திரும்பவே இல்லை. நான் மட்டும் கடைசிவரை இருந்தேன். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்ததால் அயர்ந்துவிட்டேன் என்பதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன். கண் விழித்தபோது எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், நானும் தட்டினேன், பார்த்தால் எனக்குத்தான் தட்டினார்களாம். ஆரஞ்சுச் சட்டை ஒன்று, விசில் ஒன்று, நூறு அடிக் கயிறு, ஒரு கையேடு கொடுத்து அனுப்பினார்கள். கையேட்டை உன் மகள்தான் படித்தாள், இரண்டு தடவை.

ஊரில் ஒருத்தரும் மதிக்கவில்லை. "குடிக்கத் தண்ணியே லாரியில வருது, இவருக்கு வெள்ளம் கேக்குது" என்று ஆட்டுக்காரர் கருத்தப்பாண்டி சிரித்தார். ஒத்திகைக்கு விசில் ஊதினேன், பிள்ளைகளுக்கு முன்னால் அவருடைய ஆடுகள் வந்து நின்றன. அவர் விசிலடித்துத்தான் ஆடு திருப்புவார். கயிற்றை மணிராஜ் சோளத்தட்டை லோடு கட்ட இரவல் வாங்கினான், அது லாரியோடு கயத்தாறு போய் அங்கேயே தங்கிவிட்டது. அட்டை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். பதினோரு பிள்ளைகளுக்கும் பெயர், ஊர், போன் நம்பர் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, நூல் கட்டிக் கழுத்தில் மாட்டினேன். முக்கால்வாசிப் பேருக்கு அப்பா அம்மா உங்களைப் போல வெளியூரில், அவர்கள் நம்பரும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பதினோரு அட்டையிலும் என் நம்பரையே எழுதிவிட்டேன்.

மார்கழி பிறந்ததும் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லித் தகவல் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் பக்கத்துத் தெரு ராமலட்சுமி ஓடிவந்து, "அண்ணாச்சி, கம்மா நெறஞ்சு மறுகால் பாயுது, ஊரே அங்கனதான் போகுது" என்றாள்.

மாரி, உனக்கே தெரியும். நம் கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாகப் பாய்ந்து பத்தொன்பது வருஷம். பாய்ந்தால் குலவை போட்டு, பூ விட்டு, பிள்ளைகளின் கையைத் தண்ணீரில் நனைத்துக் கூட்டிவருவது நம் வழக்கம். அன்றைக்கு உன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன் நான்தானே. இந்தப் பதினோரு பேரும் அந்தக் கண்மாய்க்குள் வேலிக்கருவையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. எனக்குக் கால் தரிக்கவில்லை. "வாங்கலே, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவோம்" என்றேன். உன் மகள் மட்டும் நகரவில்லை.

"மாமா, தண்ணியப் பாக்கப் போகக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"ஏட்டி, அது ஆத்துத் தண்ணிக்குப் போட்டது. இது நம்ம கம்மா. சும்மா வா."

ஒன்பது வயசுப் பிள்ளை சொன்னாள், நாற்பத்தைந்து வயசுக்காரன் கேட்கவில்லை. உண்மையில் கடிதம் இவ்வளவுதான், மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். நான் கரைமேல் நின்று பிள்ளைகளுக்கு மறுகாலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நாங்கள் தாண்டி வந்த ஓடையில் இடுப்பளவு தண்ணீர். முன்னால் மறுகால், பின்னால் ஓடை. கரிசல் மண் என் செருப்பில் ஒன்றை விழுங்கிவிட்டது. பையில் போன் இருந்தது, டவரும் இருந்தது, ஆனால் யாரையும் கூப்பிடவில்லை. பாதுகாப்புக் குழுத் தலைவரைக் காப்பாற்ற வாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? இப்போது வடியும், இப்போது வடியும் என்று இரண்டு மணி நேரம் நின்றேன். என் வெட்கத்துக்காகப் பதினோரு பிள்ளைகளை மழையில் நிற்கவைத்தேன், மாரி.

உன் மகள் அவர்களை இரண்டிரண்டு பேராகக் கைகோக்கச் சொல்லி எண்ணிக்கொண்டே இருந்தாள். அப்படியும் ஐந்து வயசு செண்பகராஜ் கரையில் மறுகால் பக்கமாக வழுக்கிவிட்டான். அவள் பாய்ந்து பிடித்ததில் அட்டைதான் கைக்கு வந்தது. நூல் அறுந்து அட்டை தண்ணீரோடு போனது. நான் கட்டிய நூல். அடுத்த பிடியில் சட்டை சிக்கியது. நான் இரண்டு பேரையும் மேலே இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அரை மணி கழித்து என் போன் அடித்தது. மறுகாலுக்குக் கீழே உள்ள ஊரிலிருந்து பூவனலிங்கம் என்பவர். "அண்ணாச்சி, செண்பகராஜுன்னு ஒரு பிள்ளையோட அட்டை எங்க ஓடையில மெதந்து வந்திருக்கு. பிள்ளை எங்கன இருக்கான்?" முன்பின் தெரியாத மனுஷன் பதறிப்போய்க் கேட்டார். அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளை பத்திரமா இருக்கான், சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கோம்" என்றேன். உன் மகள் போனைப் பிடுங்கி, "மாமா, நாங்க பன்னெண்டு பேரு கம்மாக் கரையில மாட்டிக்கிட்டோம். பதினோரு பேரு பிள்ளைய, ஒருத்தரு அழுதுக்கிட்டிருக்காரு" என்றாள். ஒரு மணி நேரத்தில் அவர் ஜேசிபியோடு வந்தார். பிள்ளைகள் அதன் வாளியில் ஏறிக் குஷியாகப் போனார்கள். நான் கடைசியாக, ஒற்றைச் செருப்போடு போனேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு அம்மா வந்து, பிள்ளைகளுக்கு மனசு தேறட்டும் என்று படம் வரையச் சொன்னார்கள். பத்துப் பேர் ஜேசிபி வரைந்தார்கள். உன் மகள் ஆரஞ்சுச் சட்டையோடு என்னை வரைந்து, "இவிய எங்க மாமா, இவியளையும் நான்தான் பாத்துக்கிட்டேன்" என்றாளாம். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். ஆனால் இப்போதெல்லாம் மேகம் கூடினால் அவள் விளையாட்டை விட்டுவிட்டு வந்து, புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். மழைக்கு ஏங்கிக் கிடக்கிற இந்த ஊரில் மேகத்தைப் பார்த்துப் பயப்படுகிற முதல் ஆளை நான் உண்டாக்கிவிட்டேன். அதனால் பொங்கல் லீவுக்கு வந்து பிள்ளையைக் கூட்டிப்போய்விடு. என்னை நம்பி விட்டுப்போனாய், நான் அதற்கு லாயக்கில்லை. ஐந்து வருஷம் வளர்த்த பிள்ளை இல்லாமல் நானும் உன் மதினியும் எப்படி இருப்போம் என்பது எங்கள் பாடு.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வருத்தத்துடன் அண்ணன்,
வேல்சாமி
(குழுத் தலைவர், ராஜினாமா எழுதிக் கொடுத்தேன், வாங்க ஆளில்லை)

பின்குறிப்பு: உறைமேல் முகவரி எழுத உன் மகளைக் கூப்பிட்டேன். "அம்மைக்கு எதுக்கு மாமா லெட்டரு? அன்னைக்கே பூவனலிங்கம் மாமா போனுல எல்லாத்தையும் சொல்லிட்டேனே" என்கிறாள். இருபது நாளாக நீ "அங்க மழை எப்படிண்ணே" என்று கேட்கிறாய், நான் "லேசாத் தூறுது" என்கிறேன், நீயும் "சரிண்ணே, பிள்ளையப் பாத்துக்கோ" என்று சொல்லிப் போனை வைக்கிறாய். எல்லாம் தெரிந்துகொண்டே பிள்ளையை என்னிடம் விட்டுவைத்திருக்கிறாய். மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. கூட்டிப்போக வேண்டாம். பொங்கலுக்கு மட்டும் வா, வந்து என்னை நேரில் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போ.