உதைப்பதை நிறுத்திய கழுதை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் அரசாண்டது என்று சொன்னால் அது பழைய கதை. இந்தக் காட்டில் சிங்கம் நிர்வாகம் செய்தது. காலையில் மீட்டிங், மதியம் மீட்டிங், இடையில் கொட்டாவி. மற்ற வேலைகளையெல்லாம் பொதியப்பன் என்ற கழுதை செய்தது.

பொதியப்பன் வேலைக்குச் சேர்ந்தது ஓடையிலிருந்து குகைக்குத் தண்ணீர் சுமக்கத்தான். அப்போது அது கழுதைக்குரிய லட்சணத்தோடு இருந்தது. சுமை கூடினால் காடே அதிரும்படி கத்தும். பின்னால் யார் வந்தாலும் ஓர் உதை விடும். வேலை முடிந்ததும் ஆற்று மணலில் நாலு காலையும் தூக்கிக்கொண்டு புரளும். புரண்டு எழுந்தால்தான் அதற்கு நாள் முடிந்த மாதிரி.

பிறகு தண்ணீரோடு விறகு சேர்ந்தது. விறகோடு தபாலும் சேர்ந்தது. கத்துவது நின்றது, உதைப்பது நின்றது, ஆற்றுப் பக்கம் போவதும் நின்றுபோனது.

"பொதியப்பனுக்கு இப்பதான் பொறுப்பு வந்திருக்கு" என்று சிங்கம் பூரித்துப் போனது.

அந்தச் சமயத்தில் பக்கத்துக் காட்டில் ஒரு மான் வேலைக் களைப்பில் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தது. நமக்கும் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று பயந்த சிங்கம், ஆந்தை டாக்டரை வரவழைத்தது. பகலில் சரியாகக் கண் தெரியாதவர்தான். ஆனால் அறிகுறிகளைக் கண்டுபிடிப்பதில் பெரிய நிபுணராம்.

"வேலை செஞ்சு ஓய்ஞ்சு போனவங்க எரிஞ்சு விழுவாங்க, கத்துவாங்க, சொன்னதை மறப்பாங்க, திடீர்னு அழுவாங்க. அப்படி யாராச்சும் இருந்தா ஆத்தங்கரையில நல்லா ஓய்வு கொடுக்கணும்" என்றது ஆந்தை.

மறுநாள் காடே அழுதது. குரங்குக்கு மரம் ஏறுவது மறந்துபோனது. மயில் மேகத்தைப் பார்த்து எரிந்து விழுந்தது. நரி அழுத அழுகையில் ஆந்தையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. மூன்று பேருக்கும் உடனே ஓய்வு கிடைத்தது.

கடைசியில் பொதியப்பன் முதுகுச் சுமையோடு வந்து நின்றது.

"கோபம் வருதா?"

"வர்றதில்லைங்க."

"அழுகை?"

"அதுக்கு நேரமில்லைங்க."

"ஏதாச்சும் மறந்து போகுதா?"

"ஒரு குடம் தண்ணிகூட மறக்கலைங்க."

"அடடா, என்ன நிதானம்!" என்றது ஆந்தை.

கழுதைக்கு உண்ணி பொறுக்கிக் கொடுக்கும் காத்தாயி என்ற காகம் பதறிப்போய் முன்னால் வந்தது.

"டாக்டரய்யா, நான் கால்கிட்ட போனாலே இவன் உதைப்பான். இப்ப நறுக்குனு கொத்தினாலும் தூணாட்டம் நிக்கிறான். எனக்குப் பயமா இருக்குங்கய்யா!"

"உதைக்காம இருக்கிறது ஒரு வியாதியாம்மா? அதுக்குப் பேரு நன்னடத்தை."

காகம் கழுதையின் காதருகே பறந்தது. "டேய் பொதியப்பா, ஒரே ஒரு உதை விடுடா. டாக்டரையே உதை. மணல்ல போய் ஆசை தீரப் புரளலாம்டா!"

மணல் என்றதும் பொதியப்பனின் காது லேசாக நிமிர்ந்தது. அது தன் பின்னங்காலைத் திரும்பிப் பார்த்தது.

"காலைத் தூக்கணுமே, காத்தாயி."

காகத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தேம்பித் தேம்பி அழுதது. ஆந்தை அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "அறிகுறி தெளிவா இருக்கு" என்று காகத்துக்கும் ஓய்வு கொடுத்தது.

நால்வரின் மூட்டை முடிச்சுகளையும் ஆற்றங்கரைவரை சுமந்துபோனது பொதியப்பன்தான். மூட்டைகளை இறக்கிவிட்டு மணலில் சற்று நேரம் நின்றது. "விழுடா, சும்மா விழுந்தா போதும்டா!" என்று காகம் கெஞ்சியது. பொதியப்பன் விழவில்லை. குகையில் தண்ணீர் தீர்ந்திருக்குமே என்று திரும்பி நடந்தது. பாவம், எழுதுகிற எனக்கே யாரையாவது உதைக்க வேண்டும்போல இருக்கிறது.

ஓய்வுக்குப் போனவர்களின் வேலையும் பொதியப்பன் தலையில்தான் விழுந்தது. கூடவே, காட்டிலேயே ஆரோக்கியமான ஊழியர் என்ற விருதும் கிடைத்தது. சிங்கமே தன் கையால் பெரிய செவ்வந்தி மாலையைக் கழுத்தில் போட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பொதியப்பன் அந்த மாலையைத் தின்னக்கூட இல்லை.

நீதி: உடம்பில் தெம்பு இருக்கும்போதே களைத்துப் போய்விடுங்கள், நிஜமாகக் களைத்தபின் லீவு கிடைக்காது.