மிச்ச மருந்துக்காரர்

மருந்து வாங்குகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மருந்து தீராதவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மிச்ச மருந்துக்காரர் என்று ஓர் இனம் உண்டு. மயிலாப்பூரோ அடையாறோ, எந்தத் தெருவில் அடுக்குமாடி கட்டினாலும் அதில் ஒருவராவது குடி வந்துவிடுவார். டாக்டர் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்தால் இவருக்கு நான்காம் நாளே குணமாகிவிடும். குணமானால் போதுமா? ஆறு நாள் மருந்து மீதி இருக்கிறதே, அதற்கு ஒரு நோயாளி வேண்டாமா?

சித்திரகுளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பத்ரிநாராயணன் இந்த இனத்தின் நல்ல மாதிரி. பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற பொறியாளர். எதையும் வீணாக்காதவர். அவர் வீட்டுக்குள் முட்டை நுழைந்ததில்லை. ஆனால் ஃபிரிட்ஜ் செய்தவனுக்கு அது எப்படித் தெரியும்? கதவில் பன்னிரண்டு முட்டைக் குழிகள் வைத்துவிட்டான். வாலைச் சுருட்டிய களிம்பு ட்யூபுகளும், பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்துகளும், எழுத்து அழிந்து பூர்வீகம் தெரியாத இரண்டு டப்பிகளும் அந்தக் குழிகளில் நோயாளிகளுக்காகக் காத்திருக்கின்றன.

பத்ரியின் வைத்திய நூல் மிகச் சிறியது. தோலுக்கு ஒரே நோய், அலர்ஜி. கண்ணுக்கு ஒரே நோய், மெட்ராஸ் ஐ. தேமல், சிரங்கு, அக்கி, படர்தாமரை, சேற்றுப்புண் எல்லாம் டாக்டர்கள் பெரிதுபடுத்துவதற்காக வைத்த பெயர்கள். படிக்கட்டில் யாராவது முழங்கையைச் சொறிந்தால் அந்தச் சத்தம் அவர் காதில் விழும். விழுந்ததும் கதவு திறக்கும். கதவுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் திறக்கும்.

"ரெண்டு நாள் தடவுங்கோ. ஒரு சைட் எஃபெக்டும் கிடையாது."

"தேதி முடிஞ்சிருக்கே மாமா?"

"அது கம்பெனிக்காரன் போடற தேதி."

இரண்டாம் மாடியில் பாட்டுச் சொல்லித் தரும் ஹம்சாவின் கையில் பொத்தான் அளவுக்குப் படர்தாமரை வந்தது. பத்ரியின் களிம்பில் இரண்டே நாளில் மறைந்தது. அவர் புகழ் மொட்டைமாடி வரை ஏறியது. பத்தாம் நாள் படர்தாமரை திரும்பி வந்தது, உறவினர்களோடு.

"வட்டமா இருந்தது மாமா, இப்போ மாவட்டமாயிடுத்து."

"இன்னொரு ட்யூப் இருக்கு. அது கொஞ்சம் ஸ்ட்ராங்."

உள்ளிருந்து மனைவி நீரஜாவின் குரல் வந்தது. "ஏன்னா, வாசல்ல போர்டு மாட்டிடட்டுமா?"

"போர்டு மாட்டினா கேஸ் போட்டுடுவா."

இப்படியே இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும். ஆனால் லஸ் பக்கம் யாரோ தென்னை மட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது, அந்த வழியே ஆட்டோ ஓட்டிப் போன துரைராஜின் வலக்கண்ணில் தூசி விழுந்தது. துரைராஜ் அந்த அடுக்குமாடிக்குக் கீழேயே வண்டி நிறுத்துகிறவர். இருபது வருடமாக பத்ரிக்கு வேறு ஆட்டோ தெரியாது.

"கண்ணு எரியுது சார். செவப்பா கீது."

"மெட்ராஸ் ஐ. ஊரெல்லாம் இருக்கு."

"தூசி வுழுந்துச்சு சார்."

"தூசி ஒரு சாக்கு, துரை."

கண்புரை அறுவைக்குப் பிறகு தமக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தில் மிச்சமிருந்த பாதியை பத்ரி எடுத்து வந்தார். மறுநாளே சிவப்பு இறங்கியது. துரைராஜ் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார். ஆறாம் நாள் அவர் கருவிழியில் நொய்யரிசி அளவுக்கு ஒரு வெள்ளை.

"பஸ் நம்பர் தெரியல சார். பஸ்ஸே பொகையா கீது."

பாலம் கட்டியவருக்கு விரிசல் எது, கீறல் எது என்று தெரியும். பத்ரி அன்று ஃபிரிட்ஜ் பக்கம் போகவில்லை. அதே ஸ்டாண்டில் நிற்கும் இனாயத்தின் ஆட்டோவைக் கூப்பிட்டார். துரைராஜ் வாழ்க்கையில் முதன்முறையாகப் பின்சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் இனாயத்துக்குப் பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கண் மருத்துவர் தமிழ்நிலா விளக்கடித்துப் பார்த்தார்.

"பூஞ்சைத் தொற்று. மட்டைத் தூசியோட உள்ள போயிருக்கு. நீங்க போட்ட சொட்டு மருந்துல ஸ்டீராய்டு இருக்கு. அது சிவப்பை மறைச்சுட்டு பூஞ்சையை வளர்த்து விட்டிருக்கு. இன்னும் ஒரு வாரம் போட்டிருந்தா இந்தக் கண்ணுக்கு நான் பொறுப்பில்ல. யார் குடுத்தது?"

துரைராஜ் நல்ல கண்ணால் பத்ரியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். "நம்ம ஏரியா டாக்டர், மேடம். தங்கமான மனுசன்."

"என்ன படிச்சிருக்கார்?"

"பாலம் கட்ட."

"நான்தான்மா," என்றார் பத்ரி.

மருத்துவர் திட்டவில்லை. மணிக்கொரு தரம் புது மருந்து, நடுவில் நிறுத்தக் கூடாது, ஆட்டோ தொடக் கூடாது என்றார். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஆட்டோ ஓட்ட முடியுமா என்று துரைராஜ் கேட்டதற்கு, "முதல்ல இதைக் காப்பாத்துவோம்," என்றார். திரும்பி வரும்போது இனாயத் தம் இஷ்டத்துக்குப் பிரேக் பிடித்தார்.

அன்றிலிருந்து மணிக்கொரு தரம் பத்ரி படியிறங்கி, கீழே ஓடாத ஆட்டோவில் உட்கார்ந்திருந்த துரைராஜுக்கு மருந்து விட்டார். எட்டாம் நாள் துரைராஜ் சொன்னார்: "வலி போய்டுச்சு சார். போதும்."

"போதும்னு சொல்ல நீ யாரு? தலையை அண்ணாந்து உக்காரு."

நான்காம் நாளே குணமாகிற மனிதர் சொன்னது இது. ஆறு வாரத்துக்குப் பிறகு வெள்ளை ஓரமாக ஒதுங்கிச் சிறு தழும்பானது. துரைராஜ் ஸ்டாண்டில் நின்று தூரத்து பஸ்ஸின் நம்பரைப் படித்தார். சரியாகவே படித்தார். மருந்தை நிறுத்தலாம் என்றார் மருத்துவர்.

துரைராஜ் கையில் புட்டியை ஆட்டிப் பார்த்தார். "இன்னும் பாதி கீது சார். தூக்கிப் போட மனசு வரல. இனாயத்துக்கு வேற நேத்துலேர்ந்து கண்ணு செவப்பா கீது."

பூஞ்சை போய்விட்டது, வேறொன்று தொற்றிவிட்டது.

"எனக்கும் மனசு வராது, துரை," என்ற பத்ரி, புட்டியை வாங்கிச் சாக்கடை ஓரத்தில் கவிழ்த்துப் பிடித்தார். சொட்டு மருந்துப் புட்டியல்லவா? சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் அவர் முகம் சுருங்கியது. கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு இனாயத்தைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நம் வீட்டில் இப்படி யாரும் இல்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கலாமா? துரைராஜின் கண்ணைக் காப்பாற்றிய மருந்தின் பெயர் இங்கே எந்த இடத்திலும் வரவில்லை. படிக்கும்போது, 'அந்தப் பேரைச் சொன்னால் குறித்து வைத்துக்கொள்ளலாமே, யாருக்காவது உதவுமே' என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா?

தோன்றியிருந்தால், முதல் அறிகுறி அதுதான்.